வலிக்குறிப்பேடு

காலை ஏழு மணிக்குத்தான் ஜன்னலைத் திறப்பார்கள். ஆறரைக்கே போய் நின்றால்தான் எட்டு மணிக்குள் வெளியே வரலாம். தூத்துக்குடி பதினான்காம் வட்ட அலுவலகத்தின் பக்கவாட்டில் 'காயச் சான்று' என்று பலகை மாட்டிய அந்த ஜன்னலுக்கு முன்னால் தினமும் முப்பது நாற்பது பேர் நிற்போம். கால் நொறுங்கியவர், விலா ஒடிந்தவர், கன்னத்தை இரும்பு கிழித்தவர். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. உன் காயம் பெரிதா என் காயம் பெரிதா என்று ஓரக்கண்ணால் அளந்துகொள்வதோடு சரி.

என் முறை வந்ததும் இடது கையை ஜன்னலுக்குள் நீட்டுவேன். குமாஸ்தா கையை மூடியிருக்கும் காப்புறையின் பூட்டைத் திறந்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெந்து கிடக்கும் சதையைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். மூன்று வருஷமாகப் பார்க்கிற மனுஷன் இன்னும் முகம் சுளிக்கிறார். 'உயிர்க்காயம், மாற்றமில்லை' என்று ஏட்டில் எழுதி முத்திரை குத்திவிட்டு மறுபடி பூட்டுவார். காற்றுப் படும் அந்த அரை நிமிஷம் எனக்குப் பல் கிட்டித்துக்கொள்ளும். ஆனால் கத்தமாட்டேன். கத்தினால் பின்னால் நிற்பவர்கள் நடிக்கிறாள் என்பார்கள்.

இத்தனைக்கும் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளித்தான் தழைப்பிக் குழாய் இருக்கிறது. ரீஜென் என்றால்தான் எல்லாருக்கும் புரியும்; தழைப்பி என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊரில் தெருவுக்குத் தெரு அந்தக் குழாய் உண்டு. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. வெந்த இடத்தில் தடவினால் கால் மணி நேரத்தில் புதுத் தோல் வந்துவிடும். ஒடிந்த எலும்பு சாயங்காலத்துக்குள் கூடிவிடும். முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளைகள் ஓடிவந்து ஒரு கை அள்ளித் தடவிக்கொண்டு திரும்ப விளையாட ஓடுவதை நாங்கள் வரிசையில் நின்றபடி பார்ப்போம். பிறகு குழாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வோம்.

பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைக்கத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வேலை பார்த்தது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். உப்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் கொதிக்கிற உவர்நீர் மூன்றாம் வரிசைக் குழாய் வழியாகப் போகும். அந்த வரிசையின் வால்வு தேய்ந்து பல வருஷமாகிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது சீறும், யாரையாவது வேகவைக்கும். உடனே முதலுதவி ஆள் தழைப்பி வாளியோடு ஓடிவருவான். லிங்கத்துரை அண்ணன் அஞ்சு தடவை வெந்தவர். அவர் கைகளில் ஒரு முடி கிடையாது, பச்சைப்பிள்ளைத் தோல். ஒவ்வொரு தடவையும் டீ இடைவேளை முடிவதற்குள் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். வலித்ததா என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

நானும் இரண்டு தடவை வெந்தேன். இரண்டு தடவையும் வால்வை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தழும்புகூட இல்லையே, எதற்கு இவ்வளவு கூப்பாடு என்று கேட்டார். வால்வு மாற்ற வேண்டுமென்றால் வரிசையை நாற்பது நாள் நிறுத்தவேண்டும். வாளி கொண்டுவர ஒரு நிமிஷம் போதும். ஆற்றுவதற்குச் செலவில்லை என்று ஆனபிறகு, புண்ணாக்குவதற்கு யார் பயப்படப் போகிறார்கள்?

மூன்றாவது தடவை வெந்தபோது என்னோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் வாளிக்குள் கையை விட்டார்கள். நான் என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தைரியம் ஒன்றும் இல்லை, வெறும் ஆத்திரம். முதலுதவி ஆள் கையைப் பிடித்து இழுத்தான். காலால் எட்டி உதைத்தேன். வாளி கவிழ்ந்தது. அப்படியே வாசலைத் தாண்டி நடந்து வெளியே வந்துவிட்டேன்.

போய் நின்றது வக்கீல் செண்பகவடிவு வீட்டு வாசலில். ஐம்பது வயது, திருநெல்வேலிக்காரி, ஒல்லியான உடம்பு, யாரையும் உட்காரச் சொல்லாத வாய். என் கையை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"வலிக்கா?"

"உயிர் போவுது, வக்கீலம்மா."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்."

அன்றைக்கே அந்தப் பொம்பளையை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆனால் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். முன்பெல்லாம் புகைப்படம், எக்ஸ்ரே, மருத்துவர் சீட்டு எல்லாம் சாட்சியாக இருந்ததாம். எந்தப் படத்தையும் எந்திரமே செய்துவிடும் என்று ஆனதும் தீர்ப்பாயம் படங்களை நம்புவதை விட்டது. தழைப்பி வந்தபின் உடம்பில் தடயமும் இல்லை. பொய் வழக்குகள் பெருகுகின்றன என்று நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து முறையிட்டு, இழப்பீட்டுச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவைச் சேர்க்கவைத்தன. ஆறியது காயமாகாது. விசாரணை நாளில் நடுவர் தன் கண்ணால் பார்க்கும் உயிர்க்காயம் மட்டுமே காயம்.

அதனால்தான் காப்புறை. அதைப் போட்டால் புண் தானாகவும் ஆறாது, அழுகவும் செய்யாது. முதல்நாள் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். வலியும் முதல்நாள் வலியாகவே நிற்கும். வலி மாத்திரை கூடாது; வலி குறைந்தால் ஈடும் குறையும். விசாரணைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். வருஷத்தில் கேள் என்றார்.

எனக்கு ஈட்டுத் தொகை முக்கியமில்லை, நிறுவனத்துக்கும் அது ஒரு பொருட்டில்லை. காயம் நிரூபணமானால் அதை உண்டாக்கிய எந்திரத்தை மாற்றும்வரை வரிசையை மூடவேண்டும் என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அதுதான் அவர்களுக்கு எட்டிக்காய், எனக்கு வேண்டியதும் அதுதான். மூன்றாம் வரிசையில் என் ஒருத்தி கை மட்டும்தான் இன்னும் ஆறாமல் இருந்தது. லிங்கத்துரை அண்ணனுக்கும் சேர்த்து அந்தக் கைதான் சாட்சி.

வக்கீலம்மா கடைசியாக ஒன்று சொன்னார். வீட்டில் உள்ள ஒருவர் சாட்சியாக இருந்து, நான் படுகிற பாட்டைத் தினமும் கைப்பட எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் வலிக்குறிப்பேடு. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதவேண்டும், அபிப்பிராயம் கூடாது. வழக்காடுபவர் அதைப் படிக்கக் கூடாது. கையைக் கழுவித் துடைப்பதற்காகக் காப்புறையின் இரண்டாவது சாவியும் அந்தச் சாட்சியிடம்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் என்னைத் தவிர இருப்பது ஒரே ஆள்தான், என் வீட்டுக்காரர் கஸ்பார். அதே ஆலையில் உப்பு மூட்டை கட்டுகிற பிரிவில் வேலை. எறும்பை மிதித்தால் நின்று பார்த்துவிட்டுப் போகிற ரகம். அவரிடம் சாவியைக் கொடுத்தபோது வக்கீலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கே அந்தப் பார்வை உறைத்தது.

மூன்று வருஷம் இரண்டு மாதம். கை எரியாமல் நான் கண் அயர்ந்த நாள் அதில் ஒன்று இல்லை. அவர் தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதுவார். எழுதும்போது என் பக்கம் திரும்பமாட்டார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டதும் கையால் மூடிக்கொள்வார். பரீட்சையில் காப்பியடிக்க விடாத பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்கமாட்டார்.

இதற்கிடையில் நிறுவனத்தின் நல விசாரணை அணி. பெயரைப் பாருங்கள். பழக்கூடையும் புன்னகையுமாக வருவார்கள், கைக்குள் தழைப்பித் தெளிப்பான் இருக்கும். ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில், அக்கா எப்படி இருக்கீங்க என்று கட்டிப்பிடித்தாள். அவள் கையுறை முழுக்கத் தழைப்பி. காப்புறை பூட்டியிருந்ததால் பிழைத்தேன். அவள் கன்னத்தில் நான் விட்ட அறையில் நாலு விரலும் பதிந்தது. அவள் அதே கையுறையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள், தடம் மறைந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என்னிடம் பலிக்கவில்லை என்றானதும் டீக்கடையில் கஸ்பார் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். அவர் அங்கே டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒருவழியாகத் தேதி வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. அதற்கு முந்தின ஞாயிறு எனக்குக் காய்ச்சல் கண்டது. காப்புறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்படி வருமாம். நாலே நாள், பல்லைக் கடித்துக்கொள் என்று வக்கீலம்மா சொன்னார். செவ்வாய் காலை எப்படியோ வரிசையில் நின்று முத்திரை வாங்கிவந்து படுத்தேன். மதியம் அசந்துவிட்டேன்.

விழித்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. அறை, ஜன்னல், மேலே சுற்றுகிற விசிறி எல்லாம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலி இல்லை என்று தெரிந்தது. காப்புறை மேசைமேல் திறந்து கிடந்தது. என் இடது கை போர்வைமேல் இருந்தது. ரோஜா நிறத்தில், வழவழவென்று, ஒரு முடிகூட இல்லாமல் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் ஒரு நிமிஷம் நான் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். போர்வையைத் தடவினேன். துணி துணியாகத் தெரிந்தது. அந்தச் சுகத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

கஸ்பார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாவி இன்னும் அவர் கையில் இருந்தது.

"எவ்வளவு குடுத்தானுவ?" என்றேன்.

"ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கல. தெருமுனைக் குழாய்லதான் பிடிச்சேன்."

புதுக் கையாலேயே அவரை அடித்தேன். தோளில், முகத்தில், நெஞ்சில், கை ஓயும்வரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. அடித்ததில் என் உள்ளங்கை சிவந்தது, சற்று நேரத்தில் அதுவும் மறைந்தது. மூன்று வருஷத்தைக் கால் மணி நேரத்தில் கழுவி ஊற்றிவிட்டீர்களே என்று கேட்டேன். நிறுவனத்துக்காரன் முடியாததை நீங்கள் முடித்துக் கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

வியாழக்கிழமை தீர்ப்பாயத்துக்குப் போனோம். போகாவிட்டால் பொய் வழக்கு என்று எழுதிவிடுவார்களாம். நடுவர் மேசையிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பார்த்தார். காயம் எங்கே என்று கேட்டார். வக்கீலம்மா வட்ட அலுவலகத்தின் முத்திரைகளை அடுக்கினார், ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு. காயம் தொடர்ந்து இருந்ததற்கு முத்திரை சாட்சி, இன்று இருப்பதற்குக் காயம்தான் சாட்சி என்றார் நடுவர். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல், இளம் வயசுக்காரன், தலை கலையாதவன், குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் படிக்க அனுமதி கேட்டான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஞாயிறு, காலை 6.10. கண் விழித்தாள். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். நாலு என்றேன். திங்கள், காலை 6.10. கண் விழித்தாள். அதையே கேட்டாள். செவ்வாய், மதியம் 2.40. தூக்கத்தில் என் பெயரைச் சொல்லி அழுதாள். ஆற்றிவிட்டேன்."

படித்து முடித்துவிட்டு, வாதியின் கணவரே காயத்தை ஆற்றியிருக்கிறார், எங்கள் தரப்புக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை என்று அவன் உட்கார்ந்தான். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. மொத்தமே பன்னிரண்டு நிமிஷம். நல விசாரணை அணிக்காரி பின்வரிசையிலிருந்து எனக்குக் கையசைத்தாள்.

வெளியே மரத்தடியில் வக்கீலம்மா கஸ்பார் எதிரில் வந்து நின்றார்.

"இருவத்தாறு வருஷமா இந்த வேலை பாக்கேன். விலைபோன சாட்சியப் பாத்திருக்கேன், பயந்த சாட்சியப் பாத்திருக்கேன். உங்கள மாதிரி ஒருத்தரப் பாத்ததில்ல. இனிமே பாசமா இருக்கிற வீட்டுக் கேஸ நான் எடுக்கமாட்டேன்."

என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

காயம் ஆறினால் ஏழு நாளுக்குள் வேலைக்குத் திரும்பவேண்டும் என்பதும் சட்டம்தான். மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்து, நல்லா இருக்கே என்றார். மூன்றாம் வரிசையிலேயே போட்டார்கள். மறுநாள் வேலைப் பலகையில் என் பெயர் உப்பு மூட்டைப் பிரிவுக்கு மாறியிருந்தது, மூன்றாம் வரிசையில் கஸ்பார் பெயர். இடம் மாற்றித் தரச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தாராம். வேண்டாம் என்று சொல்வதற்கு நான் அவரோடு பேசவேண்டுமே. பேசவில்லை. ஐந்து வாரம் ஒரே வீட்டில் ஊமை வாழ்க்கை. சோற்றை வைப்பேன், சாப்பிடுவார், தட்டைக் கழுவிவைப்பார்.

ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், மூட்டைப் பிரிவிலிருந்தே அந்தச் சீறல் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஓடினேன். நாலு பேர் வெந்திருந்தார்கள். முதலுதவி ஆள் வாளியோடு நின்றான். லிங்கத்துரை அண்ணன் ஆறாவது தடவையாகக் கையை வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் அவருக்குப் பின்னால் முண்டியடித்தார்கள். கஸ்பார் சுவரோரம் நின்றிருந்தார். வலது கை முழுக்க வெந்து தொங்கியது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

முதலுதவி ஆள் அவரை நோக்கிப் போனான். அவருக்கு எட்டி உதைக்கவெல்லாம் தெரியாது. வேண்டாம் தம்பி, வேண்டாம் தம்பி என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார். நான் நடுவில் புகுந்து வாளியைக் கவிழ்த்தேன்.

வாசலைத் தாண்டும்போது என் வாயிலிருந்து ஐந்து வாரத்தின் முதல் வார்த்தை வந்தது. வலிக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். உதடு வெளுத்திருந்தது.

வக்கீலம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. கஸ்பார் கையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். தானாகப் பட்டதா என்று கேட்டார். நாலு பேருக்குப் பட்டது, மூன்று பேர் ஆற்றிக்கொண்டார்கள் என்றேன். பெட்டியைத் திறந்து புதுக் காப்புறையை எடுத்துப் பூட்டினார். ஒரு சாவி குமாஸ்தாவுக்கு. இன்னொன்றை என் பக்கம் நீட்டியவர், கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"வலது கை. உங்க வீட்டுக்காரர் இனிமே தானாச் சாப்பிட முடியாது. நீங்கதான் ஊட்டணும், நீங்கதான் கழுவணும், நீங்கதான் எழுதணும். மூணு வருஷம், நாலு வருஷம். அவர் தூக்கத்துல அழுதாலும் நீங்க பாத்துக்கிட்டுதான் இருக்கணும். அதனால கேக்கேன், ரெக்ஸ்லின். உங்க வீட்டுல பாசம் இருக்கா?"

"இல்ல, வக்கீலம்மா" என்றேன்.

சாவியைக் கொடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்தபோது கஸ்பார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறாரா என்று குனிந்து பார்த்தேன். தலையணையின் ஒரு மூலையை வாயில் திணித்துக் கடித்திருந்தார், சத்தம் எனக்குக் கேட்டுவிடக்கூடாது என்று. தெருமுனைக் குழாயில் யாரோ பிடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. வீட்டிலிருந்து இருபது அடி இருக்கும். சாவி என் புடவை முந்தானையில் முடிந்திருந்தது. மூன்று வருஷம் இரண்டு மாதம் அந்த மனுஷன் எப்படித் தாங்கினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை அடித்த என் இடது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டேன்; சுவரைப் பார்த்தபடியே வலிக்கவில்லை என்றார். மேசையில் புதுக் குறிப்பேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதவேண்டும். அபிப்பிராயம் கூடாது.

'சனி, காலை 6.10. கண் விழித்தார். வலிக்கவில்லை என்றார்' என்று எழுதினேன். பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

'பொய்' என்று எழுதினேன். பிறகு அவரைக் கைத்தாங்கலாக எழுந்திருக்கவைத்து, முகம் கழுவிவிட்டு, வரிசையில் நிற்க அழைத்துப் போனேன்.